உங்கள் நாட்டில் இந்தப் பாட்டு கிடைக்காது

ஈப்போவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இரைச்சல் பதிவாகிவிடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க அம்மா பாடிய பாட்டைச் சிங்கப்பூரில் கேட்கலாம். லண்டனில் கேட்கலாம். யாராவது ஆசைப்பட்டால் ஐஸ்லாந்தில்கூடக் கேட்கலாம். ஈப்போவில் மட்டும் முடியாது. பெரியம்மா இருக்கும் சித்தியவானிலும் முடியாது. தொட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும்: இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது. ஏதோ ஓர் இசை நிறுவனம் சில நாடுகளில் ஒன்றும் சில நாடுகளில் வேறொன்றும் செய்யத் தீர்மானித்திருந்தது. மற்ற இடங்களில் விளம்பரம் போட்டு வருமானத்தை எடுத்துக்கொள்வது, மலேசியாவில் தடை. ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கிதார் வாசிப்பவள். மேடையில் அல்ல, வீட்டில். வேலை, ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சோதிக்கும் பிரிவில். தராசு, வெப்பமானி, அழுத்தமானி இவையெல்லாம் உண்மை சொல்கின்றனவா என்று பார்த்து ஒட்டுச்சீட்டு ஒட்டுவது. வேலை முடிந்து வந்தால் பழைய சினிமாப் பாடல்களைக் கிதாருக்கு ஏற்ப மாற்றி வாசித்து, ஒரு காணொளித் தளத்தில் என் சேனலில் போடுவேன். பார்ப்பவர்கள் குறைவு. பாதிப் பேர் சொந்தக்காரர்கள்; மீதிப் பேர் கிதார் எங்கே வாங்கினேன் என்று கேட்பவர்கள்.

இந்த அளவு கூட்டத்துக்கே அந்தத் தளம் பெரிய சட்டதிட்டம் வைத்திருக்கிறது. அடுத்தவர் பாட்டை வாசித்தால் விளம்பர வருமானம் நிறுவனத்துக்குப் போகலாம். அல்லது ஒலியை மட்டும் அணைத்துவிடலாம். ஊமைப்படத்தில் நடிப்பவள் மாதிரி விரலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அல்லது சில நாடுகளில் தடை. அல்லது எல்லா நாட்டிலும் தடை, கூடவே என் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே காலி. எந்தப் பாட்டுக்கு எது நடக்கும் என்று முன்னால் தெரியாது, போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துப் புட்டியில் பெயர் எழுதாமல் குடித்துப் பார்த்துக் கண்டுபிடி என்று சொல்வது போன்ற ஏற்பாடு. முறையாக அனுமதி கேட்கலாமே என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. கேட்டேன். உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த முக்கியத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருமுறை கிதாருக்குத் தந்தி மாற்றுவது எப்படி என்று ஒரு காணொளி போட்டேன். அதற்கும் உரிமை கோரி அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டு வானொலி பின்னணியில் ஓடியிருக்கிறது. அதே தளத்தில் ஒருவர் முழுச் சினிமாப் பாட்டையும் கொஞ்சம் வேகமாக்கி, மூலையில் தன் முகத்தை ஒட்டிவைத்துத் தலையாட்டுகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாகத் தேடி வாசிப்பவள் திருடி, தலையாட்டுபவர் கலைஞர்.

என் தொழிலில் ஒரு கருவி "இது தவறு" என்று காட்டினால், எதோடு ஒப்பிட்டுத் தவறு, எவ்வளவு தவறு, எந்த அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாத கருவியை நாங்கள் சிவப்பு ஒட்டுச்சீட்டு ஒட்டித் தனியாக வைப்போம். அந்தத் தளத்தின் பாட்டுப் பிடிக்கும் இயந்திரத்துக்கு என் மனதில் எப்போதோ சிவப்பு ஒட்டியாகிவிட்டது.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மா வந்து மாட்டிக்கொண்டார்.

அம்மாவும் பெரியம்மாவும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாக இருக்கிறது. அம்மன் கோயில் மட்டும் சாலையோரம் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு எல்லாரும் எங்கெங்கிருந்தோ காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் சண்டை போட்டு, சாமி கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அங்கே ஓர் அம்மன் பாட்டு உண்டு. வேறு எந்தக் கோயிலிலும் நான் கேட்டதில்லை. பெரியம்மாதான் எப்போதும் முன்பாட்டு. அம்மா பின்பாட்டுக் கூட்டத்தில் ஒருவர். பெரியம்மா இரண்டு அடி பாடி மூச்சு வாங்கும்போது, பின்பாட்டுக்காரர்கள் "சக்தி ஓம், சக்தி ஓம்" என்று மேலே ஏறி, சுற்றி, வழுக்கிக்கொண்டு இறங்குவார்கள். அதைத்தான் அம்மா இத்தனை காலமும் பாடினார். பாட்டின் சொற்களை ஒருநாளும் அல்ல.

அந்தப் பாட்டை என்னோடு பாடச் சொன்னேன். முதலில் மறுத்தார். "அக்கா இருக்கறப்ப நான் என்னா பாடறது" என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலை முடிந்து வந்து, குளித்து, எனக்குத் தெரியாமல் அடுப்படியில் பாடிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து "சரி, வெய்யி அந்த போன" என்றார். முன்பாட்டை அம்மா பாடினார். சக்தி ஓம் வரும் இடத்தை நான் கிதாரில் வாசித்தேன். அந்த ஏற்றத்தையும் வழுக்கலையும் தந்தியில் கொண்டுவர நிறையப் பாடுபட்டேன். இதுவரை வாசித்ததில் எனக்கு அதுதான் பிடித்தது.

இந்த முறை சொந்தக்காரர்களைத் தாண்டி ஆட்கள் வந்தார்கள். தெலுக் இந்தானிலிருந்து யாரோ, குரலில் கண்ணீர் வருகிறது என்று எழுதினார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், தன் அம்மா இதைத் தினமும் போடச் சொல்கிறார் என்று எழுதினார். அம்மா மாலையில் தேநீரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்துவிட்டு, "அக்கா பாத்துட்டாளா?" என்பார். பெரியம்மாவின் பழைய போன் உடைந்து போயிருந்தது. அவர் மகன் புதிது வாங்கித் தரும்வரை அம்மா பொறுத்திருந்தார். வாங்கித் தந்த அன்று லிங்கை அனுப்பினார். அன்று காலையில்தான் தடை விழுந்திருந்தது. எனக்கே தெரியாது.

பெரியம்மா உடனே கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார், பாராட்டை நானும் கேட்க வேண்டும் என்பதற்காக.

"ஏ புள்ள, தொறந்தேன். ஒரே இருட்டா இருக்கு. கரண்டு போன நேரத்துல பாடுனியா?"

"இல்லக்கா, நேத்து வரைக்கும் இருந்துச்சு..."

"இருந்துச்சா? சரி சரி. நல்லாத்தான் பாடியிருக்க. சத்தமே இல்ல பாரு, சுருதி பெசகவே இல்ல."

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அந்தத் தளத்தை நான்தான் கட்டி நடத்துகிறேன் போலிருந்தது.

"காணொளி என்கிட்ட இருக்கும்மா. வாட்சாப்ல அனுப்பிடறேன், பெரியம்மா பாக்கட்டும்" என்றேன்.

"அனுப்புனா அவ மட்டும்தான் பாப்பா. கீழ மத்தவங்க என்னா எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்லா. நம்மளே எடுத்து நம்மளே அனுப்பிக்கிட்டா அதுக்கு என்னா மதிப்பு? திரும்பக் கொண்டாந்து போடு."

அறிவிப்பைத் திறந்தேன். பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. நிறுவனத்தின் பெயர். மெட்டு ஒத்துப்போகிறது என்ற குற்றச்சாட்டு. எந்த இடத்தில் என்றும் குறித்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டு ஓடவிட்டுக் கேட்டேன். சக்தி ஓம் வரும் இடம். நான் கிதாரில் வாசித்த அந்த ஏற்றமும் வழுக்கலும்.

சிரித்தேன். ஒரு தோட்டத்து அம்மன் கோயிலில் சாமி பெயரைச் சொல்லி இழுப்பதை ஒரு நிறுவனம் தன் சொத்து என்கிறது. இனி ஆமென் என்பதற்கும் வாடகை கேட்பார்கள். ஆத்திரத்தில்கூட முறையாகச் செயல்பட வேண்டும் என்பது என் பழக்கம். அம்மாவிடம் கேட்டேன்: "இது ரொம்ப காலமா பாடுற பாட்டுதானே?"

"நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே பாடுனதுலா."

கோயில் தலைவரிடமும் கேட்டேன். லாரி கம்பெனி வைத்திருப்பவர். திருவிழாவில் மைக்கை விடாதவர்.

"பாப்பா, இது நம்ம ஆத்தா பாட்டு. கேக்கறதுக்கு இவனுங்க யாரு? லெட்டர் நான் தாரேன். கோயில் சாப்பு குத்தித் தாரேன்."

"அங்கிள், அவங்க ரப்பர் சாப்பெல்லாம் பாப்பாங்களான்னு தெரியல."

"சாப்ப பாக்காதவன் யாரு இருக்கா இந்த நாட்டுல? பேங்க்ல பாக்கறான், லேண்ட் ஆபீஸ்ல பாக்கறான். ரெண்டு சாப்பு போடவா?"

போட்டார். ஒரு முத்திரை கோயிலுடையது, மற்றொன்று லாரி கம்பெனியுடையது. இந்தப் பாட்டு தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆலயத்தில் மட்டும் பாடப்படும் மரபுப் பாடல் என்று அதில் எழுதியிருந்தது. நான் அதற்கு மேல் காரணங்களை வரிசையாக அடுக்கினேன். பாடல் மரபு வழி வந்தது. குறிப்பிட்ட பகுதி தெய்வத்தின் பெயரை உச்சரிப்பது, இசையமைப்பே அல்ல. அதைக் கிதாருக்கு மாற்றியது நான். எந்தத் திரைப்படத்திலும் இதைப் போன்ற பகுதி இருக்க வழியில்லை. இந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி மாளாது. பொத்தானை அழுத்தினேன்.

அந்த ஆட்சேபத்தைப் பரிசீலிப்பவர் யார் தெரியுமா? உரிமை கோரிய அதே நிறுவனம். உன் வீட்டை என்னுடையது என்கிறேன், நீ மறுக்கிறாய், மறுப்பு சரியா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். பார்த்துச் சொன்னார்கள்: ஏற்கவில்லை. அடுத்த படி மேல்முறையீடு. அதில் தோற்றால் ஸ்ட்ரைக். என் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. தோற்றால் சேனலும், நான் கிதார் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கும் முதல் காணொளியிலிருந்து எல்லாமும் போய்விடும்.

அம்மாவிடம் சொன்னேன். 

"வேணாம்னா வேணாம் பாப்பா. ஒன்னோட சேனலு" என்றார். பிறகு, "அக்காவுக்குத்தான் ரொம்ப வசதியாப் போச்சு" என்றார்.

அதற்கு மேல் எப்படி விடுவது? மேல்முறையீட்டுக்கு வலுவான சாட்சி வேண்டும். அந்தப் பாட்டை முதலில் பாடியவர்களில் இன்றும் பாடுபவர் பெரியம்மா. அவரே பேசும் காணொளியை எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சித்தியவானுக்குப் புறப்பட்டோம். கிதாரையும் பின்சீட்டில் போட்டேன், ஒப்பிட்டுக் காட்ட.  அக்காவிடம் உதவி கேட்கப் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

பெரியம்மா அந்த ஊர்ச் சீனக் கடையின் சூடான கொம்பியா ரொட்டியும் தேநீரும் வைத்தார். போனை முக்காலியில் நிறுத்திப் பதிவை ஓடவிட்டு, நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் முதலாவதைக் கேட்டேன்.

"பெரியம்மா, இந்தப் பாட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க."

"எங்கேருந்து வரும்? படத்துலேருந்துதான்."

"எந்தப் படத்துலேருந்து?"

"பேரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. தொரை பாடாங்கு மைதானத்துல தெர கட்டிப் படம் போடுவாரு. ஒரு படத்துல கதாநாயகி ஆத்தோரமா ஓடிக்கிட்டே பாடுவா. மெட்டு நல்லாருக்கேன்னு, நம்ம ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியாரு அதுல ஆத்தா மேல பாட்டுக் கட்டிக் குடுத்தாரு. எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான். வேற மெட்டுக்கு எங்க போறது?"

என் அடுத்த கேள்விகள் எல்லாம் வீணாகிவிட்டன. ஒன்றை மட்டும் கேட்டேன். "அப்ப அந்த சக்தி ஓம்? அது படத்துல இருக்காதுல்ல?"

"அது ஃபிடிலு. படத்துல அந்த எடத்துல நாலஞ்சு ஃபிடிலு சேந்து வரும். தோட்டத்துல ஏது ஃபிடிலு? அதான் பின்பாட்டுக்காரவங்கள சக்தி ஓம்னு இழுக்கச் சொன்னாரு. ஒங்கம்மாதான் ஃபிடிலு."

அம்மா ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா சொல்லல?"

"நீ ரொம்ப காலமா பாடுறதான்னு கேட்ட. ரொம்ப காலமாத்தான் பாடுறோம். சினிமாவான்னு நீ கேக்கலயே." அவருக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "ஆத்தாவுக்குப் பாடுனப்பறம் அது எப்படி சினிமாப் பாட்டு? அதோட, தொரை காசு குடுத்துத்தானே படத்த எடுத்தாந்தாரு. அப்பவே குடுத்தாச்சு, இப்ப மறுபடியும் எதுக்கு?"

ஆற்றோரம், கதாநாயகி, ஓட்டம் என்று பெரியம்மா சொன்ன அடையாளங்களை வைத்து அங்கேயே தேடினேன். அதே தளத்தில் கிடைத்தது. எங்கள் நாட்டில் நன்றாகவே கிடைத்தது. முதலில் ஒரு தலைமுடி எண்ணெய் விளம்பரம். பிறகு கதாநாயகி ஓடினார். பிறகு வயலின்கள் மேலே ஏறி, சுற்றி, வழுக்கிக்கொண்டு இறங்கின. நான் தந்தியில் பாடுபட்டுக் கொண்டுவந்த அதே வழுக்கல்.

"இதான், இதான்" என்றார் பெரியம்மா.

கருவி சரியாகத்தான் காட்டியிருந்தது. அந்த இயந்திரத்துக்குப் பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டிய நிலை, அதுவும் வாயில் கொம்பியாவோடு. ஆனால் என் ஏளனம் குறையவில்லை. குறியீட்டுக்குப் பதில் பாட்டின் பெயரைப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. சரியான அளவைச் சொல்லிவிட்டு எதை அளந்தேன் என்று சொல்லாத கருவியும் எங்கள் பிரிவில் சிவப்புத்தான்.

"ஒரு வழி இருக்கு" என்றேன். "அந்த ஒரு எடத்த மட்டும் வெட்டிட்டா தடைய எடுத்துருவாங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். பெரியம்மா இங்கயே பாக்கலாம்."

"எந்த எடத்த?" என்றார் பெரியம்மா.

"சக்தி ஓம் வர்ற எடத்த."

"ஒங்கம்மா பாடுறத வெட்டணும்ங்கற."

"அதுல நான் பாடலக்கா" என்றார் அம்மா. "நான் முன்பாட்டுப் பாடியிருக்கேன். அந்த எடத்த பாப்பா கித்தார்ல அடிச்சிருக்கா."

பெரியம்மாவுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தங்கச்சி பாட்டில் சேர்ந்து பாடியிருக்கிறாள் என்றே இதுவரை நினைத்திருக்கிறார். "நீ முன்பாட்டா?" என்றார். "அப்ப பின்பாட்டு ஆளே இல்லாமயா? அது என்னா பாட்டு?"

"ஆள் இல்லதான். நீங்க பாடுறீங்களா?" என்றார் அம்மா.

"நான் எப்ப பின்பாட்டுப் பாடியிருக்கேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

 நான் போய் காரிலிருந்து கிதாரை எடுத்து வந்தேன். சுருதி சேர்ப்பதற்குள் அம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்துவிட்டார். யாரும் தொடங்கச் சொல்லவில்லை. அவரே எடுத்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாடியதைவிட உரக்க, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு வரும் அளவுக்குப் பாடினார். இரண்டு அடி முடிந்தது. நான் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டேன். பெரியம்மா வாயைத் திறந்தார். அரைத் தாளம் தாமதம். மேலே ஏறினார், சுற்றும் இடத்தில் சுற்றாமல் நேராக இறங்கிவிட்டார்.

"அங்க ஒரு சுத்து இருக்குக்கா" என்றார் அம்மா.

"தெரியும் தெரியும்."

"கேக்கறதுக்கு லேசா இருக்கும்."

"வாய மூடிக்கிட்டு மறுபடி எடு."

மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை சுற்று சரியாக வந்தது. அப்போது பெரியம்மாவின் முகத்தை அம்மா பார்க்கவில்லை, கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், பெரியம்மா எப்போதும் செய்வது போல. முடிந்ததும் பெரியம்மா, "கொரல் இருக்கு ஒனக்கு. இத்தன நாளா எங்க வெச்சிருந்த?" என்றார். "ஒங்களுக்குப் பின்னாடிதான்" என்றார் அம்மா.

முக்காலியில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதையும் போடுவியா?" என்று பெரியம்மா கேட்டார்.

"போட்டா இதையும் நிறுத்துவாங்க பெரியம்மா."

"நிறுத்துனா நிறுத்தட்டும். சிங்கப்பூர்ல இருக்கறவன் அதுல பாத்துக்கட்டும். இங்க உள்ளவங்களுக்கு வேணும்னா கோயிலுக்கு வரச் சொல்லு. இந்தத் திருவிழாவுக்கு இவ பாடட்டும். நான் கொஞ்சம் பழகிக்கறேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மேல்முறையீடு வேண்டுமா, வெட்டவா என்று கேட்டேன். "எதுக்கு? யாரு பாக்கணுமோ அவ பாத்துட்டா" என்றார். ஆக மேல்முறையீடு செய்யாமல் ஆட்சேபத்தைக் கைவிடும் பொத்தானை அழுத்தினேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் விரிந்தது. பட்டியல்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே மோசமான பட்டியலைப் பார்த்தால் பொறுக்காது. உரிமையாளர் சொல்வதை ஏற்கிறேன். தவறுதலாக அழுத்திவிட்டேன். காணொளியை நீக்கப் போகிறேன். மற்றவை. மெட்டு உங்களுடையதுதான், பாட்டு எங்களுடையது என்பதற்கு அதில் இடமில்லை. மற்றவை என்பதைத் தொட்டேன். விளக்கம் எழுதப் பெட்டி திறக்கும் என்று எதிர்பார்த்தேன். நன்றி என்று வந்தது.

சித்தியவானில் எடுத்ததை, அம்மா சொன்னபடி, கோயில் வாட்சாப் குழுவில் போட்டேன். எந்த நாட்டிலும் தடை இல்லாமல் எல்லார் போனிலும் திறந்தது. முதலில் பதில் போட்டவர் தலைவர்.

"பாத்தியா பாப்பா, நான் சொல்லல? ரெண்டு சாப்பு போட்டது நல்லதாப் போச்சு."

ஆமாம் அங்கிள் என்று எழுதினேன்.